வருஷம் தெரியும், விஷயம் தெரியாது

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "உங்க தொழில் சம்பந்தமா எழுதுங்க, ஆனா யாருக்கும் புரியாத மாதிரி எழுதிடாதீங்க" என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தே கேட்டார்கள். என் தொழில் அளவுக் கருவிகள். பிரஷர், வெப்பம், ஓட்டம் இவற்றை அளக்கும் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது. அதைப் பற்றி எழுதினால் நானே படிக்க மாட்டேன். ஆகவே வேறொரு அளவுக் கருவியின் சரித்திரத்தை எழுத உத்தேசம். அமெரிக்காவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியலில், அதாவது வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் கலந்த பாடத்தில் வைத்த பொதுப் பரீட்சைதான் அந்தக் கருவி. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே மாதிரி திருத்தல். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டப் போகும் ஜூனியர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இதில் அடிதடி உண்டு, ஐ.பி.எம். உண்டு, பூட்டிய பெட்டிக்குள் ஒளித்து வைத்த பொருளும் உண்டு.

கதை 1845-ல் பாஸ்டன் நகரத்தில் தொடங்குகிறது. அப்போது மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளர் ஹோரஸ் மான். அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் தந்தை என்று இன்றும் சொல்லப்படுகிறவர். 1843-ல் ஐரோப்பா போய் வந்தார். பிரஷ்ய நாட்டுப் பள்ளிகளில் பிரம்பு இல்லாமலே பாடம் நடக்கிறது, வாத்தியார் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லிக் கொடுக்கிறார் என்று தம் ஆண்டறிக்கையில் புகழ்ந்து தள்ளினார். பாஸ்டன் தலைமை ஆசிரியர்களுக்கு மூக்கின் மேல் கோபம். 31 பேர் சேர்ந்து 1844-ல் ஒரு மறுப்புப் புத்தகமே போட்டார்கள். மான் பதில் எழுதினார், அவர்கள் பதிலுக்குப் பதில் எழுதினார்கள். நம்மூர் இலக்கியச் சண்டைகளுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

அதுவரை பள்ளிகளில் வருடாந்திரப் பரீட்சை என்றால் ஒரு திருவிழா. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை நிறுத்தி வாத்தியார் கேள்வி கேட்பார். அவர்கள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். கைதட்டல். எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மானின் நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹவ் (பார்வையற்றோர் பள்ளி நடத்தியவர்) பாஸ்டன் பள்ளிக் குழுவில் இடம் பிடித்ததும் இந்தத் திருவிழாவுக்கு வேட்டு வைத்தார். நகரத்து கிராமர் ஸ்கூல்களின் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அச்சடித்த கேள்வித்தாளைக் கொடுத்து, பதிலை எழுதித் தரச் சொன்னார்கள். பதின்மூன்று, பதினான்கு வயசுப் பிள்ளைகள். அன்றைய தொடக்கக் கல்வியின் கடைசிப் படியில் நின்றவர்கள். ஐந்நூற்றுச் சொச்சம் பேர் எழுதினார்கள். இலக்கணம், வானியல் எல்லாம் இருந்தாலும் பூகோளமும் சரித்திரமும் முக்கியமான பாடங்கள். ஆக, அமெரிக்கப் பொதுப் பரீட்சை பிறந்த அன்றே சமூக அறிவியலும் அதில் உட்கார்ந்திருந்தது. கணக்கு மட்டும்தான் பரீட்சைக்குப் பிறந்த பாடம் என்பது பிற்பாடு வந்த பழக்கம்.

முடிவு? சராசரி சுமார் 30 சதவீதம். மான் அதைத் தம் பத்திரிகையில் போட்டு ஊரெல்லாம் படிக்க வைத்தார். சில தலைமை ஆசிரியர்களுக்கு வேலையும் போயிற்று. நீக்ரோ பிள்ளைகளுக்கென்று அன்று ஒதுக்கி வைத்திருந்த ஸ்மித் பள்ளியின் முடிவு படுமோசம். பிள்ளைகளால் முடியும் என்ற நம்பிக்கையே வாத்தியாருக்கு இல்லை என்று பரிசோதித்தவர்கள் குறை சொன்னார்கள். மாசசூசெட்ஸில் அந்த ஒதுக்கல் சட்டப்படி ஒழிய 1855 ஆயிற்று.

ஆனால் என்னை நிறுத்தி வைத்த விஷயம் மார்க் அல்ல, ஒரே ஒரு கேள்வி. 1807-ல் ஜனாதிபதி ஜெஃபர்சன் 'எம்பார்கோ' போட்டார், அதாவது அமெரிக்கக் கப்பல்கள் வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போகக் கூடாது என்ற தடை. அது எந்த வருஷம் என்று சரியாக எழுதிய பிள்ளைகளை விட, எம்பார்கோ என்றால் என்ன என்று எழுதியவர்கள் குறைவு! இத்தனைக்கும் பாஸ்டன் ஒரு துறைமுகம். அந்தத் தடையால் கப்பல்கள் கரையில் கட்டிக் கிடந்து, அவர்களுடைய தாத்தாக்கள் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்ட ஊர். வருஷம் தெரியும், விஷயம் தெரியாது. பரிசோதித்தவர்களே இதைக் கண்டுபிடித்து வருந்தி எழுதினார்கள். மனப்பாடத்தை அம்பலப்படுத்தத்தான் அந்தப் பரீட்சையே வந்தது என்பதை மறக்க வேண்டாம். பின்னால் அதே பரீட்சைதான் மனப்பாடத்துக்குக் காவல்காரனாக மாறியது.

எப்படி மாறியது என்பதை அறிய டெக்சஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும். 1915-16 வாக்கில் பெல், மெக்கல்லம் என்ற இரண்டு பேர் அங்கே சுமார் 1,500 மாணவர்களுக்கு அமெரிக்க வரலாற்றில் ஒரு டெஸ்ட் வைத்து, 1917-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 16 சதவீதம், உயர்நிலைப் பள்ளி 33, பல்கலைக்கழகம் 49. ஜெஃபர்சன் என்ற ஜனாதிபதியையும் ஜெஃபர்சன் டேவிஸ் என்ற தென்மாநிலக் கலகத் தலைவரையும் பிள்ளைகள் ஒரே ஆளாக்கி விட்டார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்ற புலம்பலுக்கு நூறு வயசு தாண்டிவிட்டது என்பது ஒரு பக்கம். அதை விடச் சுவையானது அந்த இருவரின் நேர்மை. வரலாற்று அறிவு என்றால் என்னென்ன என்று முதலில் வரிசையாக எழுதினார்கள்: பழைய நிகழ்ச்சியை வைத்து இன்றைய நிகழ்ச்சியைப் புரிந்துகொள்வது, கிடைத்த ஆதாரங்களைச் சலித்து உண்மையைப் பிரித்தெடுப்பது, இப்படி. பட்டியலின் கடைசியில், தகவல் கேள்விக்குப் பதில் சொல்வது. இருப்பதிலேயே குறுகலானது இதுதான், ஆனால் சுலபமாக அளக்க முடிவதும் இதுதான் என்று சொல்லிவிட்டு, அதையே அளந்தார்கள்.

தொழில்முறையில் எனக்கு இது நன்றாகப் பழக்கப்பட்ட நோய். பைப்புக்குள் நடுவில் என்ன வெப்பம் என்று தெரிய வேண்டும். ஆனால் சென்சாரை மாட்ட வசதியான இடம் பைப்பின் வெளிப்புறம். வெளியிலேயே மாட்டி, வரும் எண்ணை ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஆறு மாதம் போனால் அது உள்வெப்பம் இல்லை என்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அதே காலகட்டத்தில் கான்சாஸ் மாநிலத்தில் ஃப்ரெடெரிக் கெல்லி என்பவர் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க ஒரு டெஸ்ட் உருவாக்கினார். பதிலை எழுத வேண்டாம், கொடுத்ததில் சரியானதைக் குறித்தால் போதும். திருத்துகிறவர் யாராக இருந்தாலும் மார்க் மாறாது. முதல் உலகப் போரில் ராணுவத்துக்கு ஆள் எடுக்க இந்தப் பாணியை லட்சக்கணக்கில் பயன்படுத்த, நாடெங்கும் பரவிவிட்டது. 'சமூக அறிவியல்' என்று வரலாற்றையும் புவியியலையும் குடிமையியலையும் ஒரே பெயரில் கட்டிவைத்த குழு அறிக்கை வந்ததும் 1916-ல்தான். பிறகு தொடக்கப் பள்ளிகளில் வீடு, அக்கம்பக்கம், ஊர், மாநிலம், நாடு என்று வட்டம் வட்டமாக விரியும் பாடத்திட்டம் நிலைபெற்றது.

இங்கேதான் நம் துறை நண்பர் ஒருவர் நுழைகிறார். ரெனால்ட் ஜான்சன், மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன்வுட் என்ற ஊரில் ஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பது அவருக்குச் சின்ன வயசிலேயே தெரியும். கார் ஸ்பார்க் பிளக்கின் மேல் பென்சிலால் கிறுக்கி வைத்து, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் பெரியவர்கள் திண்டாடுவதைப் பார்த்துச் சிரித்த ஆசாமி! விடைத்தாளில் பிள்ளை கறுப்பாக்கிய இடத்தில் கரண்ட் போகும், மற்ற இடத்தில் போகாது. அப்படியானால் திருத்துவதற்கு வாத்தியார் எதற்கு? பிரச்னை என்னவென்றால், ஒரு பிள்ளை பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்தும், இன்னொன்று பட்டும் படாமல் கோடு போடும். குறிக்குக் குறி ரெசிஸ்டன்ஸ் மாறும். ஜான்சன் ஒவ்வொரு சர்க்யூட்டிலும் மிகப் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தார். அதற்கு முன்னால் பென்சில் குறியின் ரெசிஸ்டன்ஸ் ஒரு பொருட்டே இல்லை. எந்தக் குறியாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே கரண்ட். எல்லாவற்றையும் கூட்டி முள் காட்டுவதுதான் மார்க். இதைவிட அழகான, மலிவான தீர்வு எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் இல்லை. ஒரு பிள்ளையின் கோட்டுக்கும் மற்றொரு பிள்ளையின் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அழிப்பதுதான் அந்த ரெசிஸ்டரின் வேலையே என்பதையும் கவனிக்கவும்.

1934-ல் ஐ.பி.எம். அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1938-ல் ஐ.பி.எம். 805 என்ற திருத்தும் இயந்திரம் சந்தைக்கு வந்தது. பழகிய கை ஒன்று மணிக்கு 800 தாள்களைத் திருத்தும். (இதே ஜான்சனின் தலைமையில்தான் 1956-ல் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க், 24 அங்குலத் தட்டுகள் ஐம்பதை அடுக்கி, சான் ஹோசேயில் பிறந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) 1950-களில் அயோவா பல்கலைக்கழகத்து லிண்ட்க்விஸ்ட் கரண்டை விட்டுவிட்டு ஒளியால் படிக்கும் ஸ்கேனரைக் கொண்டு வந்தார். ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களைக் கறுப்பாக்கி வேலைக்குப் போன நம்மில் பலரும் இந்த இரண்டு பேருக்கும் கடன்பட்டவர்கள்.

லிண்ட்க்விஸ்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கான அவருடைய அயோவா டெஸ்டில் வருஷமும் பெயரும் கேட்கும் சரித்திரப் பகுதி பிரதானமாக இல்லை. அதற்குப் பதில் ஒரு வரைபடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது, வரைபடத்திலும் அட்டவணையிலும் இருப்பதைப் புரிந்துகொள்வது, எந்த விஷயத்தை எந்தப் புத்தகத்தில் தேடுவது என்று கேட்பது. சும்மா சொல்லக்கூடாது, அதே நாலு வட்டத்துக்குள் உருப்படியாக எதையாவது கேட்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அப்படிக் கேள்வி எழுத ஆளும் நேரமும் வேண்டும். "கீழ்க்கண்டவற்றுள் எது" என்று எழுத ஒரு மத்தியானம் போதும்.

இனி, பூட்டிய பெட்டி.

1969-ல் அமெரிக்கா நாடு முழுவதற்குமான ஒரு கல்வி மதிப்பீட்டை ஆரம்பித்தது. சுருக்கமாக 'நேப்' என்பார்கள். வடிவமைத்தவர் ரால்ஃப் டைலர். எந்தப் பிள்ளைக்கும் தனி மார்க் கிடையாது, எந்தப் பள்ளிக்கும் ராங்க் கிடையாது. அரிசிப் பானையில் ஒரு சோறு பதம் பார்ப்பது போல, 9, 13, 17 வயசுப் பிள்ளைகளில் சிலரை மட்டும் எடுத்துப் பார்ப்பது. முதல் வருடமே எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று குடிமைப் பண்பு. அதில் ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்து, முன்னால் ஒரு பெட்டியை வைத்தார்கள். உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது. கேள்வி கேட்டுக் கேட்டு அது என்னவென்று கண்டுபிடித்தால் பரிசு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே கேள்விதான், அதுவும் குழு முழுக்க ஒத்துக்கொண்ட கேள்வி. கேட்கும் முறை ஒவ்வொரு பிள்ளையாக மாறும். பக்கத்தில் பயிற்சி பெற்ற பார்வையாளர் ஒருவர் குறிப்பெடுப்பார். எந்தப் பிள்ளை புதுக் கேள்வி யோசிக்கிறது, எது அடுத்த பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறது, எது கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு போகிறது.

அரசியலமைப்புச் சட்டம் எந்த வருஷம் என்று கேட்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஜனநாயகம் என்ற சொல்லுக்கு எட்டு வயசிலோ ஒன்பது வயசிலோ என்ன அர்த்தம் இருக்க முடியுமோ, அதை ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அளந்துவிட்டார்கள். என் கணக்கில் இந்த நூற்றெண்பது வருட சரித்திரத்தில் அதுதான் உச்சம். பார்வையாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும். 1970-களில் பட்ஜெட்டை வெட்ட வெட்ட, பெட்டியும் போனது. காகிதமும் பென்சிலும் தங்கின.

1990-களில் கதை மறுபடி சண்டைக்கு வருகிறது. எல்லா வகுப்புக்கும் தேசிய வரலாற்றுத் தரநிலைகள் என்று ஒன்றை அறிஞர்கள் தயாரித்து 1994-ல் வெளியிட இருந்தார்கள். அது வெளிவரும் முன்பே, அந்த வேலைக்குப் பணம் ஒதுக்கிய அமைப்பின் முன்னாள் தலைவியான லின் சேனியே அதைக் கிழித்துப் பத்திரிகையில் எழுதினார். யார் பெயர் எத்தனை முறை வருகிறது, யார் பெயர் வரவே இல்லை என்று எண்ணிப் பார்த்துச் சண்டை. 1995 ஜனவரியில் செனட் சபை 99-க்கு 1 என்ற ஓட்டில் கண்டனத் தீர்மானமே போட்டது. கணக்கில் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதில் எந்தக் கட்சிக்கும் தகராறு இல்லை. சரித்திரத்தில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று தொட்டாலே கை சுடும். அதற்குப் பிறகு மத்தியில் இருந்த அரசியல்வாதிகள் இந்தப் பாடத்தை எட்ட நின்றே பார்த்தார்கள் என்பது என் ஊகம்.

மாநிலங்கள் தொட்டன. வர்ஜீனியா 1995-ல் தன் பாடத் தரநிலைகளை எழுதி, 1998-ல் பரீட்சைகளைத் தொடங்கியது. வரலாறும் உண்டு, 3-ம் வகுப்பிலேயே உண்டு. முதல் வருடம் எல்லாப் பாடத்தையும் சேர்த்துப் பார்த்ததில் மாநிலத்தின் சுமார் 1,800 பள்ளிகளில் 39 மட்டுமே தேறின. பிறகு என்ன, பள்ளிகள் சுதாரித்துக்கொண்டன. 2013-ல் கம்பெனி வேலையாக நான் அங்கே சில மாதம் தங்கியிருந்தபோது, உடன் வேலை பார்த்த நண்பர் வீட்டுப் பெண் 3-ம் வகுப்பு. கிரேக்கம், ரோம், ஆப்பிரிக்காவின் மாலி பேரரசு மூன்றும் அவளுக்குப் பாடம். எட்டு வயசுக்கு மாலி! நம் பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததே இல்லை, பொறாமையாகத்தான் இருந்தது. கலர் அட்டைகளை வைத்து ஒப்பிப்பாள். கிரீஸ் என்றால் நேரடி ஜனநாயகம், ஒலிம்பிக்ஸ். ரோம் என்றால் வளைவு, நீர்க்கால்வாய், பிரதிநிதித்துவ ஜனநாயகம். மாலி என்றால் கதைசொல்லிகள், திம்புக்டு, உப்புக்குத் தங்கம். சுத்தமான 'பொருத்துக'.

"உப்புக்கு ஏம்மா தங்கத்தைக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"அங்கிள், அது டெஸ்ட்ல வராது" என்றாள்.

கெட்டிக்காரப் பெண். நம் ஹாஸ்டல் மொழியில் "இது எக்ஸாமுக்கு வருமா மச்சான்" என்பதுதான் அது, என்ன, பத்து வருடம் முன்னதாகவே கற்றுக்கொண்டு விட்டாள். பதில் ஒன்றும் கஷ்டமில்லை. உப்பு சஹாரா பாலைவனத்து நடுவில் தகாசா மாதிரி இடங்களில் வெட்டி எடுத்து ஒட்டகத்தில் வர வேண்டும். தெற்கே அனல் வெயில், உடம்புக்கும் உப்பு வேண்டும், இறைச்சி கெடாமல் இருக்கவும் வேண்டும், ஆனால் உப்பு கிடைக்காது. தங்கம் அங்கே மண்ணில் கிடைத்தது. வேதாரண்யத்துக்காரனுக்கு இதைச் சொன்னால் சிரிப்பான், ஆனால் உடனே புரிந்துகொள்வான். எது அதிகம், எது அரிது என்பதில்தான் விலை இருக்கிறது என்ற மொத்தப் பொருளாதாரமும் அந்த ஒரு 'ஏன்'-க்குள் இருக்கிறது. அட்டையில் 'ஏன்'-க்கு இடமில்லை. எம்பார்கோவின் கொள்ளுப்பேத்தி!

நியூயார்க் மாநிலம் கொஞ்சம் வேறு மாதிரி செய்து பார்த்தது. 2001 நவம்பரில் தொடங்கி 5-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைத்த சமூக அறிவியல் பரீட்சையில் வட்டம் கறுப்பாக்கும் பகுதியோடு, ஆதாரங்களை வைத்துக் கட்டுரை எழுதும் பகுதியும் இருந்தது. பழைய படம், வரைபடம், ஒருவர் எழுதிய குறிப்பு என்று சில துண்டுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கேள்வி கேட்டு, கடைசியில் அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கட்டுரை எழுதச் சொல்வது. கல்லூரி அளவிலான வரலாற்றுத் தேர்வுக்கு 1973-ல் கண்டுபிடித்த உத்தியைப் பத்து வயசுக்கு இறக்கினார்கள். பெல்லும் மெக்கல்லமும் பட்டியலில் எழுதிவிட்டு அளக்காமல் விட்ட 'சலித்தெடுப்பது' இதுதானே? ஒவ்வொரு கட்டுரையையும் மனிதர்தான் படிக்க வேண்டும், ஜான்சனின் ரெசிஸ்டர் உதவாது. 2010-ல் மாநிலத்துக்குப் பண நெருக்கடி. எதை வெட்டலாம் என்று பார்த்தபோது 5-ம் வகுப்பு, 8-ம் வகுப்பு சமூக அறிவியல் பரீட்சைகள் போயின. கணக்கும் வாசிப்பும் தொடர்ந்தன.

ஏன் அவை மட்டும் தொடர்ந்தன? 2002 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம். 3 முதல் 8 வகுப்பு வரை வருடா வருடம் வாசிப்பும் கணக்கும் சோதிக்க வேண்டும். பிற்பாடு அறிவியலும் இடையிடையே. சமூக அறிவியல் அந்தச் சட்டத்தின் பரீட்சைப் பட்டியலில் இல்லவே இல்லை. 2015-ல் வேறு சட்டம் வந்தும் அந்தப் பட்டியல் மாறவில்லை. பரீட்சை இல்லை என்றால் நிம்மதி, பிள்ளைகள் மாலியைப் பற்றி ஆற அமரப் படிக்கலாம் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். வாஷிங்டனில் இருந்த கல்விக் கொள்கை மையம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி மாவட்டங்களில் 36 சதவீதம் தொடக்கப் பள்ளியில் சமூக அறிவியல் நேரத்தைக் குறைத்துவிட்டதாகச் சொல்லின. குறைத்த மாவட்டங்களில் சராசரி வெட்டு வாரத்துக்கு 76 நிமிடம் என்று மறுவருடக் கணக்கு. பரீட்சை வைத்தால் பாடம் அட்டையாகச் சுருங்குகிறது; பரீட்சையை எடுத்தால் பாடமே டைம்டேபிளை விட்டுப் போகிறது. எங்கள் தொழிலில் மீட்டர் தப்பாகக் காட்டினால் மீட்டரை மாற்றுவோம். இங்கே மீட்டரைக் கழற்றியதும் பைப்பையே அடைத்துவிட்டார்கள்.

2010-ல் நேப் மதிப்பீட்டில் 4-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆபிரகாம் லிங்கனின் படத்தைக் காட்டி, இவர் யார், இவர் ஏன் முக்கியமானவர், இரண்டு காரணம் எழுது என்றார்கள். முழுசாக எழுதியவர்கள் 9 சதவீதம். பத்திரிகைகள் கூச்சல் போட்டன. நான் அந்தக் கேள்வியை நல்ல கேள்வி என்பேன். 'ஏன்' இருக்கிறது, தன் கையால் எழுத வேண்டும். அந்தக் கேள்விக்கும் ஆயுசு நீளவில்லை. 2013-ல் மத்திய அரசின் செலவு வெட்டு வந்தது. நேப் நிர்வாகக் குழு வரலாறு, குடிமையியல், புவியியல் மூன்றையும் 4-ம் வகுப்பில் நிறுத்திவிட்டு, 2014-ல் 8-ம் வகுப்புக்கு மட்டும் வைத்தது. அதே 2014-ல் வர்ஜீனியா சட்டசபை 3-ம் வகுப்பு வரலாற்றுப் பரீட்சையை நீக்கியது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: பாடத்தை நடத்தியாக வேண்டும், பிள்ளைகள் கற்றதை ஒவ்வொரு மாவட்டமும் தன் சொந்த முறையில் சோதித்தாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

வெட்டியவர்கள் சொன்ன நியாயம், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வரலாறு எதற்கு, முதலில் வாசிப்பு என்பது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் மட்டம், ஆனால் பேஸ்பால் தெரியும் என்ற பிள்ளைகள், வாசிப்பில் கெட்டி, ஆனால் பேஸ்பால் தெரியாது என்ற பிள்ளைகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். நமக்கு இது ஆச்சரியமில்லை. 'மிட்விக்கெட்டில் தட்டிவிட்டு இரண்டு' என்பதைக் கிரிக்கெட் பார்க்காதவன் எழுத்துக்கூட்டிப் படித்து என்ன செய்வான்? படிப்பது புரிய வேண்டுமானால் உலகம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அந்த உலகத்தைச் சின்னப் பிள்ளைக்குக் காட்டுகிற பாடம் எது? 2020-ல் ஃபோர்டாம் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, 6,800-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பு வரை பின்தொடர்ந்த விவரங்களை எடுத்துப் பார்த்தது. தினம் அரை மணி நேரம் கூடுதலாகச் சமூக அறிவியல் படித்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் வாசிப்பில் முன்னால் இருந்தார்கள். கூடுதலாக மொழிப்பாட நேரம் கிடைத்த பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் அதிகம். இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வுதான், காரணத்தை நிரூபிக்கிற ஆய்வல்ல. இன்ஜினியர்களுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் வாசிப்புக்காக வெட்டிய 76 நிமிடத்தை நினைத்துப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

என்னைக் கேட்டால் டைலர் மாதிரி கொஞ்சம் பிள்ளைகளை மட்டும் எடுத்து, மார்க் போட்டு யாரையும் மிரட்டாமல், நியூயார்க் மாதிரி துண்டுகளைக் கையில் கொடுத்து, அந்தப் பெட்டியையும் பரணிலிருந்து இறக்கியிருக்கலாம். எல்லாப் பிள்ளையையும் ஒரே நாளில் உட்கார வைக்கத் தேவையே இல்லை என்பதால் செலவும் கட்டுப்படியாகும். எங்கள் தொழிற்சாலையில்கூட லாட்டுக்கு நாலு பீஸ்தான் எடுத்துச் சோதிப்போம், எல்லாவற்றையும் உடைத்துப் பார்ப்பதில்லை.

2022-ல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நேப் வரலாற்று மதிப்பீடு நடந்தது. தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 13 சதவீதம். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தது ஒரு காரணம் என்றார்கள், இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் 2018-ல் நாலாம் வகுப்பு படித்தவர்கள். அப்போது அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது, சரிவு எங்கே தொடங்கியது என்று பார்க்கலாமென்றால், நாடு முழுவதற்குமான கணக்கில் நாலாம் வகுப்புக்கு நேராக எந்த எண்ணும் கிடையாது. 2010-க்குப் பிறகு அந்தக் கட்டம் காலி.